புகையிலையும் பாரிசவாதமும்

(வலிகாமத்தில் தோட்டச் செய்கையாளரும், சட்டத்தரணிகள், வைத்தியர்கள், ஆசிரியர்கள் ஆகியோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் நாம் மேடைகள் பலவற்றில் பேசியிருக்கிறோம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் நிலங்களை விட்டு வெளியேற நேர்ந்த நாள் முதலாக, அந்நிலங்களின் மீட்சியைப் பற்றிப் பேசாத அரசியற் கூட்டம் இப்பகுதியில் அரிது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்நிலத்தில் விளையும் ஒரு பயிரைப் பற்றி. இதைக் கேட்டு மனம் நோவோர் இச்சபையிலேயே இருப்பர் என்பதை நாம் அறிவோம். புகையிலையைக் குறை கூறினால் யாழ்ப்பாணத்து விவசாயியையே குறை கூறியதாகும் என்றோர் எண்ணம் எங்கள் மண்ணில் வேரூன்றிக் கிடக்கிறது. அவ்வெண்ணம் தவறானது, விவசாயிக்குக் கேடு தருவதுமாகும். ஏன் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் அந்த இலைக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிடுவோம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. மலையாள மக்கள் அதனை 'ஜாப்பாணம்' என்றே அழைத்தார்கள். ஊரின் பெயரே பொருளின் பெயராயிற்று. 1930களில் எங்கள் கூட்டுறவாளர் மலையாளத்துச் சந்தைக்கென்றே புகையிலை விற்பனைச் சங்கம் அமைத்தனர். இந்தியா சுதந்திரம் அடைந்த பின்னர் தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்து அச்சந்தையைச் சுருக்கின. அப்பொழுது தாங்கிப் பிடித்தது சுருட்டுத் தொழில். தென்னிலங்கைச் சந்திகளில் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகளை அறியாதார் யார்? துலா மிதித்த தந்தையின் கையில் இருந்த பணம் புகையிலைப் பணம். அப்பணத்தில் கற்றுத் தேறிய குடும்பங்களிலிருந்து வந்தோரே இச்சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளிலும் வைத்தியர்களிலும் பலர். இதனை மறந்து, நகரத்து நாற்காலியில் இருந்துகொண்டு தோட்டக்காரனுக்குப் புத்தி சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விவசாயி புகையிலையை விடாது பற்றியிருப்பது அறியாமையால் அன்று. தக்காளி இரண்டு நாளிற் கெடும். வெங்காயம் மழை பட்டால் அழுகும். புகையிலையோ பாடம் பண்ணிச் சிப்பமாகக் கட்டி வைத்தால் விலை வரும்வரை காத்திருக்கும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது காத்திருக்கக்கூடிய பயிர் எது என்று பார்த்துத்தான் அவன் நடுகிறான். இக்கணக்கை மாற்றாமல் மனத்தை மாற்ற முயல்வது வீண் முயற்சி.

இனி, குற்றப்பத்திரிகையை வாசிப்போம்.

கட்மியம் என்றோர் உலோகம் உண்டு. துத்தநாகத்தோடு சேர்ந்து சுரங்கங்களில் கிடைப்பது. உடலுக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. அது என்ன செய்யவல்லது என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் எங்களைப் போன்ற விவசாயிகளே. அவர்களின் கதையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். அது விவசாயிகளும் சட்டத்தரணிகளும் ஒன்றாக நின்று வென்ற கதை.

யப்பான் நாட்டின் தொயாமா மாகாணத்தில் சின்சு என்னும் ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில் கமியோக்கா என்ற இடத்தில் மிட்சுய் கம்பனியின் சுரங்கம் இருந்தது. சுரங்கத்துக் கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயலில் பாய்ந்தது. வயலின் நெல் கட்மியத்தை உறிஞ்சியது. அந்நெல்லின் சோற்றை அம்மக்கள் பல்லாண்டுகள் உண்டார்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு உளுத்து, இருமினாலும் எலும்பு முறியும் நிலைக்குப் பலர் வந்தனர். பெரும்பாலோர் பிள்ளை பெற்று நடுவயது கடந்த தாய்மார்கள். அவர்கள் ஓயாது அலறிய சொல்லே நோயின் பெயராயிற்று: 'இத்தாய் இத்தாய்'. எங்கள் மொழியிற் சொன்னால், நோகுது, நோகுது.

ஊரார் இதனை விதி என்றும் சாபம் என்றும் எண்ணியிருந்தனர். 1968 ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டது. கம்பனி என்ன வாதிட்டது தெரியுமா? கட்மியம் எவ்வளவு எவ்வழியே சென்று எந்த உறுப்பை எவ்வாறு கெடுத்தது என்பதை ஒவ்வொரு படியாகப் பரிசோதனையால் நிறுவுக என்றது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நோய் எந்த ஊர்களில் உண்டு, எந்த ஊர்களில் இல்லை, எந்த நீர் எங்கே பாய்ந்தது, எக்காலத்தில் நோய் மிகுந்தது என்ற மக்கட்தொகைச் சான்றே காரணத்தை நிறுவப் போதுமானது என்று 1971 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. 1972 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலும் மக்களே வென்றனர். அதன்பின் இழப்பீட்டோடு மட்டும் அவர்கள் திரும்பவில்லை. சுரங்கத்தினுள் ஆண்டுதோறும் சென்று பார்வையிடும் உரிமையையும் எழுத்தில் பெற்றார்கள். நஞ்சேறிய வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 2012 ஆம் ஆண்டுவரை நீடித்தது. தலைமுறை ஒன்று கடந்தும் மண்ணை விட்டு அகலாத உலோகம் மனித உடலை மட்டும் எளிதில் விட்டு நீங்குமா? நீங்காது. சிறுநீரகத்தில் தங்கும் கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

யப்பானியருக்கு அது சோற்றில் வந்தது. எங்களவருக்கு எதில் வருகிறது?

மண்ணில் எங்கும் சிறிதளவு கட்மியம் உண்டு. பொசுபேற்றுப் பசளை இடும்போது, பாறையிலிருந்து அப்பசளையோடு வரும் கட்மியமும் மண்ணிற் சேரும். பெரும்பாலான பயிர்களில் அதன் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். புகையிலையோ அதனை வேரிலிருந்து மேலே அனுப்பி இலையிலே சேர்த்துவைக்கும் இயல்புடையது. எந்த உறுப்புக்காக அப்பயிரை வளர்க்கிறோமோ அந்த உறுப்பிலேயே நஞ்சும் வந்து குவிகிறது. சாணியும் குழையும் ஆட்டெருவும் மட்டும் இட்டோம், எங்கள் இலை சுத்தமானது என்று சொல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். பசளை மாறினால் அளவு மாறலாம். செடியின் இயல்பு மாறாது.

ஒரு சிகரெட்டில் ஏறக்குறைய 1 முதல் 2 மைக்கிரோகிராம் கட்மியம் இருக்கிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கே மைக்கிரோகிராம். இம்மிக்கும் குறைவான இதனாலா கேடு என்று நகைக்க வேண்டா. உண்ட உணவிலுள்ள கட்மியத்தில் நூற்றில் சில பங்கையே குடல் உள்ளே விடும். சுவாசப்பையோ தன்னிடம் வந்ததில் பாதியளவைக்கூடக் குருதிக்குள் விட்டுவிடும். இலையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கே புகையோடு உள்ளே போனாலும், நாளொன்றுக்கு 20 சிகரெட் பிடிப்பவன் அன்றைய உணவெல்லாம் சேர்ந்து உடலில் தங்கவிடும் அளவுக்கு ஏறக்குறைய நிகரான கட்மியத்தைப் புகையிலிருந்து மட்டும் பெறுகிறான். புகைபிடிப்போரின் குருதியில் மற்றவரிலும் நான்கு ஐந்து மடங்கு கட்மியம் காணப்படுவதன் காரணம் இதுவே.

கட்மியத்துக்குத் துணையாக ஈயமும் வருகிறது. நாட்டின் காற்றில் ஈயம் கூடாது என்று 2002 ஆம் ஆண்டில் பெற்றோலிலிருந்து அதனை நீக்கினார்கள். வாகனத்தின் புகையிலிருந்து நீக்கிய பொருளை வாயின் புகையில் ஏற்றுக்கொள்வது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம். ஈயம் எலும்பிற் குடியேறி மெல்ல மெல்லக் குருதிக்குத் திரும்பி வருவது. இரத்த அழுத்தத்தை உயர்த்துவது. பாரிசவாதத்துக்கு முதற்காரணம் உயர் இரத்த அழுத்தம் என்பதை இங்குள்ள வைத்தியர்கள் அறிவர்.

இவ்வுலோகங்கள் மூளைக்குச் செய்வது என்ன?

மூளை உடலின் எடையில் 50இல் ஒரு பங்கு. ஆனால் இதயம் அனுப்பும் குருதியில் ஆறிலோ ஐந்திலோ ஒரு பங்கை அது தனக்கென்று கேட்டு வாங்குகிறது. கழுத்தின் இருபுறமும் செல்லும் பெருநாடிகள் வாய்க்கால் போல. மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மயிரிழை நாடிகள் கடைசிப் பாத்திக்குப் போகும் கிளை வாய்க்கால் போல. இந்நாடிகளின் உட்புறம் முழுவதும் ஒரேயொரு கல அடுக்கினால் மெழுகப்பட்டிருக்கிறது. குருதி உறையாமலும், நாடி வேண்டியபோது விரியவும், வேண்டாதவை மூளைக்குட் கசியாமலும் காப்பது அம்மெழுக்குத்தான். கட்மியம் அக்கலங்களைக் கொல்கிறது. கலத்துக்கும் கலத்துக்கும் இடையேயுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. நாடியை விரிக்கும் இயற்கைப் பொருளின் சுரப்பைக் குறைக்கிறது. மெழுக்குக் கெட்ட இடத்தில் கொழுப்புப் படிகிறது, அழற்சி மூள்கிறது, நாடி தடித்துக் குறுகுகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்துக் கட்டி உண்டாகி வழியை அடைத்தால், அதற்கப்பால் உள்ள மூளைப்பகுதி நிமிடக் கணக்கில் மடியத் தொடங்கும். சிறு நாடிகள் அடைபடும்போது நோயாளி பெரும்பாலும் விழுவதில்லை. மறதி, தள்ளாட்டம், காரணமின்றி வரும் சினம், சொல் தடுமாற்றம் என்று ஆண்டுக்கணக்கில் தேய்கிறான். வயதின் கோளாறு என்று வீட்டார் எண்ணிக்கொள்வர். நாடி அடைபடாமல் வெடித்துக் குருதி கசியும் வகையும் உண்டு. மூளையைச் சூழ்ந்த உறைகளினிடையே குருதி கசிதலுக்குத் தவிர்க்கக்கூடிய காரணங்களிற் புகைத்தலே தலையாயது.

இதற்குச் சான்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். புகையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்க, கட்மியத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது ஏன் என்று எதிர்த்தரப்பு வினவலாம். நிக்கொற்றின், காபனோரொட்சைட்டு ஆகியவையும் எதிரிகளே. அவர்களை நாம் விடுதலை செய்யவில்லை. ஆனால் கட்மியத்தின் குற்றத்தைத் தனியே பிரித்தறியும் வழியும் உண்டு. புகைபிடியாதவரும் உணவால் கட்மியம் பெறுகின்றனர் அல்லவா? அவர்களை ஆராய்ந்தால் போதும். சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் 64 வயதுப் பெண்களை ஆராய்ந்தபோது, குருதியில் கட்மியம் மிகுந்தவரின் கழுத்து நாடிகளிற் படிவு மிகுந்திருந்தது. ஒருநாளும் புகைபிடித்திராத பெண்களிடத்தும் அது காணப்பட்டது. அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே 1989 ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் பேராய்வின் முடிவு ஒன்று 2013 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிறுநீரில் கட்மியம் மிகுந்தோர்க்கு இதய நோயும் பாரிசவாதமும் மிகுதி என்று அது காட்டிற்று. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் ஈயம், கட்மியம், ஆர்சனிக்கு ஆகிய மூன்றையும் இதய நாடி நோய்களின் காரணிகளாக வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. தொயாமா நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட அதே வகைச் சான்று இது. அவர்களுக்குப் போதுமானது எங்களுக்குப் போதாதா?

எங்கள் அப்பு தொண்ணூறு வயதுவரை சுருட்டுப் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை என்போர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பர். அப்புவை நாம் சாட்சிக் கூண்டுக்கு அழைக்க ஆயத்தம். ஆனால் ஐம்பத்தைந்தில் வாய் கோணி, அறுபதிற் படுக்கையோடு முடிந்துபோன அப்புவின் தம்பியை யார் அழைப்பது? தப்பியவன் மட்டும் வந்து சாட்சி சொல்லும் வழக்கு நீதியான வழக்காகாது.

சுருட்டின் புகையை நாம் உள்ளே இழுப்பதில்லை என்பர் சிலர். இழாதவனுக்குக் கேடு குறையும், உண்மை, அற்றுப்போகாது. அவன் அறையிலிருக்கும் மனைவியும் பேரப்பிள்ளையும் மூச்சை நிறுத்திக்கொண்டா இருக்கிறார்கள்? சிகரெட்டின் வடிகட்டி காக்கும் என்பதும் வெறும் ஆறுதல். நாளுக்கு ஒன்றுதான் என்று சமாதானம் கூறும் உத்தியோகத்தர்க்கு ஒன்று சொல்வோம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, 20 சிகரெட் பிடிப்பவனுக்கு வரும் மிகுதியான பாரிசவாத அபாயத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதது, நாளுக்கு ஒன்றே பிடிப்பவனுக்கும் வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு கேடு என்ற கணக்கு நாடிக்குச் செல்லாது.

ஆனால் விட்டுவிட்டவனுக்கு நற்செய்தி உண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் நடந்த நீண்ட ஆய்வில், புகையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் பாரிசவாத அபாயம் கண்கூடாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் புகைபிடியாதவரின் அளவுக்கு இறங்கியது. 1988 ஆம் ஆண்டில் வெளியான முடிவு அது. கட்மியம் பல்லாண்டு தங்குமென்றீர்களே, பின் எவ்வாறு ஐந்தாண்டில் அபாயம் குறையும் என்று கேட்கலாம். காபனோரொட்சைட்டு சில நாளில் நீங்குகிறது. குருதி உறையும் தன்மை தணிகிறது. நாடியின் உட்சுவர் புதுக் கலங்களால் தன்னைத்தான் மெழுகிக்கொள்கிறது. நாள்தோறும் வந்து சேர்ந்த புதிய உலோகத்தின் வரவும் நின்றுபோகிறது. பழைய உலோகம் சிறுநீரகத்திற் கிடந்து தன் வேலையைச் செய்யவே செய்யும். ஆகையால் ஐம்பது வயதானவர் இன்றே விடுதல் நன்று. இருபது வயதுப் பிள்ளை தொடங்காதிருத்தல் அதனினும் நன்று. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டம் எங்கள் சந்திக் கடைகளுக்கும் பொருந்தும் என்பதைக் கடைக்கார நண்பர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

நோய் வந்தபின் என்ன ஆகும் என்பதையும் நாம் மறைக்கலாகாது. கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு; அதனை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும்; அதற்குமுன் மூளையைப் படமெடுத்துக் குருதிக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நெடுந்தீவில் ஒருவருக்கு விடியற்காலையில் வாய் கோணினால், படகு கிடைத்து, கடல் கடந்து, குறிகட்டுவான் சேர்ந்து, அங்கிருந்து வாகனம் பிடித்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு வருவதற்குள் நாலரை மணித்தியாலத்தில் எவ்வளவு எஞ்சும்? தீவுப்பகுதிக்கு இரவும் பகலும் நோயாளர் படகு வேண்டும் என்ற கோரிக்கை வெறும் போக்குவரத்துக் கோரிக்கை அன்று. வாய் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் என்ற மூன்றில் ஒன்று கண்டாலும் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று காத்திராதீர்கள்.

இனி அரசியலுக்கு வருவோம்.

இன்று எங்கள் இளைஞர் கையிலிருப்பது பெரும்பாலும் ஏழாலைத் தோட்டத்து இலையா? அன்று. அது கம்பனிச் சிகரெட். இலங்கையிற் சிகரெட் உற்பத்தி செய்வது ஒரே கம்பனி. அதன் பங்குகளில் 80 வீதத்துக்கு மேல் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. எஞ்சும் பெரும் வரி திறைசேரிக்குப் போகிறது. யாழ்ப்பாணத்து விவசாயியின் பெயரைச் சொல்லிப் புகையை ஆதரிப்பவன், அவ்விவசாயிக்கு ஒரு சதமும் சேராத வியாபாரத்துக்கே காவல் நிற்கிறான். எச்சரிக்கைப் படம் சிகரெட்டுப் பெட்டியில் 80 வீத இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று 2012 ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு விதித்தபோது, கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 50 முதல் 60 வீதம் என்று குறைத்தது. 2015 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீண்டும் 80 ஆக்கிற்று. ஆயினும் ஒன்றை மட்டும் தனியாக வாங்கி வாயில் வைப்பவன் பெட்டியைக் காண்பதே இல்லை. எங்கள் உறவினர் வாழும் கனடாவில் 2023 ஆம் ஆண்டின் விதிகள் ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கையை அச்சிடச் சொல்கின்றன. இலங்கைக்கும் அது வேண்டும். அதில் கட்மியத்தின் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும்.

கம்பனியின் காவல்காரர் வேண்டா என்றோம். அதற்காக ஒரே இரவில் பயிரைத் தடைசெய்யும் சர்வாதிகாரிகளையும் நாம் வேண்டோம். 2017 ஆம் ஆண்டில் அரசாங்கத் தலைமை, 2020 ஆம் ஆண்டோடு இந்நாட்டிற் புகையிலைச் செய்கை முடிவுறும் என்று பறைசாற்றியது. 2020 வந்தது, போயிற்று. மாற்றுப் பயிருக்கு என்ன விலை, யார் வாங்குவது என்பதற்கு விடையில்லாத அறிவிப்பு வேறெவ்வாறு முடியும்? 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையை ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு நிறுத்தினார்கள். வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயும் காரணமாகக் கூறப்பட்டது. உழவன் தலையில் முழுச்சுமையும் விழுந்தது. அவ்வாண்டு முடியுமுன் தடையை அவர்களே விலக்கினார்கள். சுகாதாரத்தின் பெயரால் விவசாயியை வருத்தும் வழிக்கு இவ்வுரையை எவரும் மேற்கோளாக்க வேண்டா.

எங்கள் விவசாயி மாற மறுப்பவன் அல்லன் என்பதற்கு வரலாறு சான்று. 1970 முதல் 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த ஏழாண்டுகளில் எவரும் உபதேசம் செய்யாமலே தோட்டங்கள் மிளகாயும் வெங்காயமுமாக மாறின. கிளிநொச்சிக் காடு வெட்டிக் களனியாக்கி மிளகாய் நட்ட இளைஞர்களைப் பெரியோர் நினைவுகூர்வர். 1977 ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு மூட்டைகள் கொழும்பிற் குவிந்தன, விலை சரிந்தது. காத்திருக்கும் பயிரைத் தவிர வேறெதை நம்புவான் தோட்டக்காரன்? அறுவடைக் காலத்தில் இறக்குமதியை நிறுத்துவதும், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் உத்தரவாத விலை வகுப்பதும், வலிகாமத்திலும் வடமராட்சியிலும் குளிர்க் களஞ்சியம் அமைப்பதும் இந்நோக்கில் சுகாதார நடவடிக்கைகளே. வைத்தியசாலைக் கட்டிலுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி களஞ்சியத்துக்குச் செலவாகட்டும். மீட்ட நிலங்களில் முதன்முதலாக எதனை நடுவது என்று எண்ணுவோர்க்கு முதலிரண்டு போகத்தின் நட்டத்தைத் தாங்கும் நிதியும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே வரவேண்டும்.

மண்ணையும் இலையையும் சோதிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடமும் விவசாய பீடமும் உண்டு. திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டு. பிரதேசந்தோறும் மண், பசளை, புகையிலை, வெங்காயம் ஆகியவற்றை எடுத்துக் கட்மியமும் ஈயமும் எவ்வளவு என்று அளந்து, பெறுபேற்றைத் தமிழிலே வெளியிடுமாறு கேட்கிறோம். இது விவசாயியைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று அஞ்ச வேண்டா. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அளந்த கணக்கு இருந்தமையால்தான் நியாயம் கேட்க முடிந்தது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று கூறி 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. பசளையோடு கட்மியத்தை நாட்டுக்குள் கொண்டுவருபவன் விவசாயி அல்லன். இறக்குமதி செய்பவனும் அதற்கு அனுமதி கொடுப்பவனுமே. அளவு தெரிந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

கற்றோர்க்கு ஒரு வார்த்தை. நீதிமன்ற வளவிலும் வைத்தியசாலை வாசலிலும் கழுத்துப் பட்டியோடு நின்று புகை விடுபவரைக் கண்டே எங்கள் இளைஞர் அதனை உயர்வு என்று கற்கின்றனர். கல்யாண வீட்டிலும் செத்தவீட்டிலும் வெற்றிலைத் தட்டத்தில் சுருட்டும் சிகரெட்டும் வைத்து நீட்டும் வழக்கத்தை யாரும் சட்டம் போட்டுப் புகுத்தவில்லை. எடுப்பதற்கும் பாராளுமன்றம் வேண்டியதில்லை. பாரிசவாதத்தால் மாண்டவரின் பந்தலிலேயே அத்தட்டம் சுற்றி வருவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் கட்சியின் கூட்டங்களிலும் அங்கத்தவர் வீட்டு வைபவங்களிலும் இனி அது வைக்கப்படமாட்டாது என்று கிளைகள் முடிவு செய்யவேண்டும் என்பதும் இன்றைய தீர்மானத்தில் அடங்கும்.

தீர்மானம் நான்கு பந்திகளைக் கொண்டது. செயலாளர் இப்பொழுது அதனை வாசிப்பார். உத்தரவாத விலையைப் பற்றிய இரண்டாம் பந்தியில் எந்தெந்தப் பயிரைச் சேர்ப்பது என்பதைத் தோட்டக்காரரே சொல்லவேண்டும் என்பதால் அவ்விடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நீர்வேலி அன்பர்கள் வாழையையும் சேர்க்குமாறு கேட்டிருக்கிறார்கள். வேறு பெயர் கூற விரும்புவோர் மேடைக்கருகில் வந்து எழுதிக் கொடுக்கலாம்.